நடராஜ முதலியார்: கார் உதிரிபாகக் கடையிலிருந்து காமிராவுக்கு

கேள்வி: தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' என்ற ஊமைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் சைக்கிள், கார் வியாபாரம் செய்தவர் என்கிறார்கள். சினிமாவே தெரியாத ஒரு வியாபாரி எப்படிப் படத் தயாரிப்பாளர் ஆனார்? கையில் பணம் இருந்ததுதான் காரணமா?

பணம் ஒரு காரணம்தான். ஆனால் அன்றைய சென்னையில் அவரைவிடப் பணக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் வராத துணிவு இவருக்கு வந்ததற்குக் காரணம், அவர் பார்த்த வியாபாரத்தின் தன்மை. வெளிநாட்டு இயந்திரத்தைத் தருவித்து, ஓட்டிப் பார்த்து, பழுதானால் பிரித்து மாட்டி, உதிரிபாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருப்பது அவருக்கு அன்றாடத் தொழில். 1910களில் சினிமா என்பது கலையாக இருந்ததைவிட அதிகமாக அப்படிப்பட்ட ஒரு தொழிலாகத்தான் இருந்தது. அந்த வியாபார அறிவு எதுவரை அவரைக் கொண்டுபோனது, எந்த இடத்தில் போதாமல் போனது என்பதுதான் அவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய விஷயம்.

1885ல் வேலூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்து, உறவினரான எஸ்.எம். தர்மலிங்க முதலியாரோடு கூட்டாக 'வாட்சன் அண்டு கம்பெனி' என்ற பெயரில் சைக்கிள் வியாபாரம் நடத்தினார். 1911ல் 'ரோமர் டான் அண்டு கம்பெனி' என்ற நிறுவனத்தை வாங்கினார்கள். அதன் வழியாக அமெரிக்கக் கார்களும் அவற்றின் உதிரிபாகங்களும் சென்னையில் விற்பனையாயின. அன்றைக்குக் கார் வாங்கியவர்கள் ஜமீன்தார்கள், வக்கீல்கள், பெரிய அதிகாரிகள். அவர்களோடு ஏற்பட்ட பழக்கம் பின்னால் கைகொடுத்தது. இதற்கிடையே புகைப்படம் எடுப்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. பம்பாயில் தாதாசாகேப் பால்கே 1913ல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்டிருந்தார். பால்கேயின் படங்கள் சென்னைக்கும் வந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் முதலியாருக்கு 'இதை நாமும் செய்யலாமே' என்ற எண்ணம் வந்தது.

எண்ணம் வந்ததும் அவர் முதலில் கதை தேடிப் போகவில்லை, நடிகரைத் தேடியும் போகவில்லை. காமிராவை இயக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் போனார். இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றில் ஒளிப்பதிவாளராக வேலை செய்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் புனாவில் இருந்தார். அவரிடம் போய் அடிப்படைப் பயிற்சி பெற்றார். இன்று தயாரிப்பாளர் என்றால் காசோலையில் கையெழுத்துப் போடுபவர் என்று நினைக்கிறோம். இவர் தன் படத்துக்குத் தானே ஒளிப்பதிவாளர், தானே இயக்குநர். வேறு வழியும் இல்லை. சென்னையில் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளும்படி அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர்கள் அப்போது உருவாகியிருக்கவில்லை.

அந்தப் பயிற்சியில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், பாதிக்கு மேல் கைப்பழக்கம். அன்றைய காமிராவுக்கு மோட்டார் கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை ஒரு முறை சுற்றினால் 8 படங்கள் பதிவாகும். விநாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 படங்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும் என்பதால், ஊமைப்பட வேகத்தில் ஒரு விநாடிக்கு ஓர் அடி பிலிம் ஓடிவிடும். மனத்துக்குள் தாளம் போட்டபடி சீராகச் சுற்ற வேண்டும். நடிப்பில் லயித்துக் கை வேகமாகிவிட்டால் இரண்டு கேடு. ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து காட்சி இருண்டுபோகும். திரையில் ஆட்கள் தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாக நகர்வார்கள். கை மெதுவானால் நேர்மாறாகக் காட்சி வெளுத்து, ஆட்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். பழைய ஊமைப்படங்கள் எல்லாமே கோமாளித்தனமாக ஓடும் என்று பலர் நினைப்பது தவறு. 16 படங்களில் எடுத்ததைப் பிற்காலத்துப் பேசும்பட வேகமான 24ல் ஓட்டிக் காட்டுவதால் வரும் கோளாறு அது.

அடுத்து காமிரா. தஞ்சாவூரில் மூப்பனார் என்ற செல்வந்தரான நிலக்கிழாரிடம் வில்லியம்சன் நிறுவனத்தின் 35 மி.மீ. காமிராவும் பிரிண்ட் எடுக்கும் கருவியும் இருந்தன. இரண்டையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். வில்லியம்சன் இங்கிலாந்துக் கம்பெனி. பால்கே லண்டனிலிருந்து வாங்கி வந்ததும் வில்லியம்சன் காமிராதான். அது உலகப் போர்க் காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருப்பதைவிடத் தஞ்சாவூரில் கைமாறத் தயாராக இருந்ததை வாங்கியது உதிரிபாக வியாபாரிக்கே உரிய முடிவு. பிரிண்ட் எடுக்கும் கருவியைச் சேர்த்து வாங்கியது அதைவிடப் புத்திசாலித்தனம். காமிரா தருவது நெகடிவை மட்டும். தியேட்டருக்குப் போக வேண்டியது பாசிடிவ் பிரிண்ட். அந்தக் கருவி இல்லையென்றால் ஒவ்வொரு பிரிண்டுக்கும் வேறொருவர் வாசலில் நிற்க வேண்டும்.

பழைய காமிராவை வாங்குபவர் பார்க்க வேண்டியவை இவை: பிலிம் ஓரத்துத் துளைகளில் மாட்டி இழுக்கும் நகங்கள் தேய்ந்திருந்தால் படம் திரையில் மேலும் கீழுமாக ஆடும். பிலிம் நின்று வெளிச்சம் வாங்கும் வாயிலில் ஒரு துளி மண் இருந்தால் முழுச் சுருளிலும் நீளக் கோடு விழும். மரப்பெட்டி வெயிலில் காய்ந்து இணைப்பு விட்டிருந்தால் வெளிச்சம் கசிந்து படம் மூட்டமாகும். மூன்றுமே எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, கழுவின பிறகே தெரியும்.

ஊமைப்படத்தில் காமிராவின் விலை சின்னச் செலவு. பெரும் செலவு மற்றவற்றில். அதனால் அவர் தனி ஆளாக இறங்கவில்லை. வியாபாரத் தொடர்புள்ளவர்களைப் பங்காளிகளாகச் சேர்த்து 'இந்தியா ஃபிலிம் கம்பெனி'யைத் தொடங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் டவர் ஹவுஸ் என்ற இடத்தில் ஸ்டுடியோ அமைந்தது. முதல் படத்துக்கு ஆன செலவு 35,000 ரூபாய் என்பது பதிவாகியுள்ள கணக்கு. காமிராவுக்கும் பிரிண்ட் கருவிக்கும் கொடுத்த 1,800 ரூபாயை அதோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குதான். படத் தொழிலுக்கு வரும் புதியவர்கள் இன்றும் சறுக்குவது இங்கேதான். கருவி கைக்கு வந்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கதை விஷயத்தில் நாடக உலகின் பெரியவரான பம்மல் சம்பந்த முதலியாரிடம் யோசனை கேட்டார். மகாபாரதத்தின் விராட பருவத்திலிருந்து கீசகன் கதையை எடுக்கச் சொன்னவர் அவர்தான். முதல் முயற்சிக்கு இப்படி ஒரு கதையா என்று உறவினர் தரப்பில் முணுமுணுப்பு எழுந்தது. பிறன் மனைவி மேல் ஆசைப்பட்டவன் அடித்துக் கொல்லப்படும் கதை மங்களகரமான தொடக்கம் இல்லை என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்த கதை என்று நண்பர்கள் தைரியம் சொன்னார்கள்.

அந்தத் தேர்வு எவ்வளவு சரியானது என்பது ஊமைப்படத்தின் கட்டுப்பாடுகளை வைத்துப் பார்த்தால் புரியும். வசனம் கிடையாது, யார் யாருக்கு என்ன உறவு என்பதை எழுத்து அட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கதையைத் தெருக்கூத்தில் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு சைரந்திரி (திரௌபதி) யார், அவள் ஏன் மாறுவேடத்தில் இருக்கிறாள், மடைப்பள்ளியில் இருக்கும் வல்லன் (பீமன்) யார் என்று விளக்க ஓர் அடி பிலிம்கூடச் செலவாகாது. நடப்பது பெரும்பாலும் அரண்மனைக்குள். போர்க்களமோ சேனையோ வேண்டாம். முக்கியப் பாத்திரங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். உச்சக் காட்சி பேச்சில்லாத கைகலப்பு. ஊமைக் காமிராவுக்கு இதைவிட வசதியான கதை கிடைப்பது அரிது.

திரைக்கதையை அமைக்க உதவியவர் வழக்கறிஞரும் நண்பருமான சி. ரங்கவடிவேலு. காட்சிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். அந்த ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த காலம்; புராணப் பாத்திரம் என்றால் ஜனங்கள் மனத்தில் தோன்றியது அந்த முகமும் அந்த உடையும்தான். கீசகனாக ராஜு முதலியார், திரௌபதியாக ஜீவரத்தினம். இருவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள்.

படப்பிடிப்பு 35 நாள். முடிந்த படத்தின் நீளம் 6,000 அடி. நாளொன்றுக்குச் சராசரி 170 அடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மெதுவாகத் தோன்றலாம், ஆனால் வெளிச்சம் முழுக்கச் சூரியனுடையது என்பதை மறக்கக் கூடாது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கூரைபோல் கட்டி வெயிலை வடிகட்டிப் படமெடுத்தார்கள். துணி இல்லாமல் உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் கறுப்பு நிழல் விழும், முகத்தில் பாவம் எதுவும் தெரியாது. துணியை இரட்டையாக மடித்தால் வெளிச்சம் போதாது. துணி காற்றில் ஆடினால் காட்சியில் வெளிச்சம் துடிக்கும். மேகம் கடந்தால் ஒரே காட்சியின் நடுவில் திரை மங்கும்.

அன்றைய பிலிமின் குணம் இன்னொரு தொல்லை. அதற்குச் சிவப்பு நிறம் தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். குங்குமமும் வெற்றிலைச் சிவப்பும் கறுப்பாக விழும். நம் மாநிற முகங்கள் நேரில் இருப்பதைவிட இருண்டு தெரியும். நீல வானம் வெறும் வெள்ளைத் துணிபோல ஆகிவிடும். அரக்குச் சிவப்புப் பட்டுக்கும் கறுப்புக் கம்பளிக்கும் திரையில் வித்தியாசமே இருக்காது. ஆகவே உடையைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தின் அழகைப் பார்த்துப் பயனில்லை. அது எந்தச் சாம்பல் அடர்த்தியில் விழும் என்று பார்க்க வேண்டும். முகத்துக்கு வெளிர்ப் பூச்சு கனமாக வேண்டியிருந்ததற்குக் காரணமும் இதுவே. நாடகத்துப் பூச்சு ராத்திரி விளக்குக்கு ஏற்றது; பகல் வெயிலில் வேர்வையோடு சேர்ந்து வழியும். சிவப்புத் தெரியாத குணத்தில் ஒரு நன்மையும் உண்டு. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டு, பிலிம் கழுவப்படுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையாகப் படுவது பெங்களூர் ஏற்பாடு. சென்னையில் சினிமா பிலிமைக் கழுவித் தரும் லேப் கிடையாது. பெங்களூரின் குளிர்ச்சி பிலிமுக்கு உகந்தது என்று கருதி அங்கே கழுவுவதற்கு வழி செய்தார். வார நாட்களில் சென்னையில் படப்பிடிப்பு. வார இறுதியில் சுருள்களோடு பெங்களூர் போய்க் கழுவும் வேலை. திங்கட்கிழமை காலை மறுபடி மில்லர்ஸ் சாலையில் காமிராவுக்குப் பின்னால். அலைச்சல்தான். ஆனால் அதற்குப் பின்னால் அழுத்தமான காரணம் உண்டு.

பிலிமின் மேல் படிந்திருப்பது ஜெலட்டின் படலம். படம் அதற்குள்தான் இருக்கிறது. கழுவும் ரசாயனம் 18 பாகை செல்சியஸ் வாக்கில் இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். 24, 25 பாகையைத் தாண்டினால் ஜெலட்டின் ஊதி இளகத் தொடங்கும். 30 பாகைத் தண்ணீரில் ஓரங்கள் சுருங்கி உரியும், தொட்டால் விரல் பதியும், சில சமயம் படலம் முழுவதும் வலைபோல் வெடித்துவிடும். சென்னையில் கோடையில் குழாய்த் தண்ணீரே 30 பாகையைத் தொடும். ரசாயனத் தொட்டியைப் பனிக்கட்டி வைத்துக் குளிரச் செய்யலாம். ஆனால் கழுவிய பிறகு அலசுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும். அவ்வளவு தண்ணீரையும் யார் குளிரவைப்பது? தொட்டி குளிராகவும் அலசும் தண்ணீர் சூடாகவும் இருந்தால் அந்தத் திடீர் மாற்றத்திலேயே ஜெலட்டின் சுருங்கிப் போகும். இயற்கையாகவே தண்ணீர் குளிர்ந்திருக்கும் ஊருக்குப் போவதுதான் மலிவான தீர்வு.

அந்தக் காலத்துக் கழுவும் முறை கைவேலை. 200 அடி வாக்கில் பிலிமை ஒரு மரச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் சுற்றுவார்கள். சட்டத்தோடு முதல் தொட்டியில் முக்கி, அசைத்துக்கொண்டே, சிவப்பு வெளிச்சத்தில் படம் எழும்புவதைப் பார்ப்பார்கள். சரியான கருமை வந்ததும் எடுத்துத் தண்ணீரில் அலசி, ஹைப்போத் தொட்டியில் போடுவார்கள். வெளிச்சம் படாத வெள்ளி உப்பு அதில் கரைந்து நீங்கும். மறுபடி நீண்ட அலசல். அதில் அவசரப்பட்டு ஹைப்போ தங்கிவிட்டால் சில மாதங்களில் படம் மஞ்சளித்து மங்கும். பிறகு பெரிய மர உருளையில் சுற்றி, தூசி இல்லாத அறையில் காய வைப்பார்கள். சட்டத்தில் பிலிம் வளையும் இடங்களில் கருமை மாறுபட்டு, திரையில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பளிச்சிடல் வரும். முழு நீளத்துக்கும் ஒரே கருமை கிடைப்பது கழுவுபவரின் கைத்திறன்.

பெங்களூர் ஏற்பாட்டின் குறை என்னவென்றால், திங்கள் அன்று காமிராவில் நேர்ந்த கோளாறு சனிக்கிழமைதான் தெரியவரும். அதற்குள் அந்த வார வேலை முழுவதும் அதே கோளாறோடு நடந்து முடிந்திருக்கும். இதற்கு அன்றைய ஒளிப்பதிவாளர்கள் கையாண்ட வழி, எடுத்து முடித்த சுருளின் நுனியில் ஓரடி வெட்டி, இருட்டறையில் சிறு தட்டில் கழுவிப் பார்ப்பது. வெளிச்ச அளவும் குவியமும் சரியா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கழுவின நெகடிவிலிருந்து பிரிண்ட் போட வேண்டும். ஒரு பிரிண்டுக்கு 6,000 அடி பாசிடிவ் பிலிம் தனியாகத் தேவை. இது பலருக்குத் தோன்றாத செலவு. இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டுமானால் 12,000 அடி. எல்லாம் கடல் கடந்து வர வேண்டிய சரக்கு. போர்க் காலத்தில் பிலிம் தட்டுப்பாடு பால்கேயையே வாட்டியது.

எழுத்து அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருந்தன. இந்தி அட்டைகளைக் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி எழுதினார். தமிழையும் ஆங்கிலத்தையும் நடராஜ முதலியாரே குருசாமி முதலியார், பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் திருவேங்கட முதலியார் ஆகியோரின் துணையோடு எழுதினார். முதல் படத்திலேயே மூன்று மொழி என்பது வியாபாரியின் கணக்கு. படம் பேசாது என்பதால் நடிப்பை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. அட்டையில் மொழியைச் சேர்த்தால் சந்தை விரிகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. படிப்பவருக்கு நேரம் தர வேண்டும். பத்துச் சொல் கொண்ட ஒரு வாக்கியத்தைப் பத்து விநாடி காட்டினால் பத்து அடி பிலிம் போகிறது. எழுதுகிறவர் இலக்கிய நடையில் நீட்டினால் படத்தில் கால்வாசி எழுத்தாகிவிடும். எழுத்துத் தெரியாதவர்களுக்காகத் தியேட்டரிலேயே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லும் வழக்கமும் ஊமைப்படக் காலத்தில் இருந்தது.

6,000 அடி என்பது விநாடிக்கு ஓரடி வேகத்தில் 100 நிமிடம். ஆயிரம் அடிச் சுருள்களாக ஆறு ரீல். ஒரே புரொஜக்டர் உள்ள கொட்டகையில் ஒவ்வொரு ரீலுக்கும் நடுவே விளக்கைப் போட்டு மாற்ற வேண்டும். ஆகவே ரீல் எங்கே முடிகிறது என்பதும் கதை அமைப்பின் ஒரு பகுதி. அடி விழப்போகும் நேரத்தில் ரீல் தீர்ந்துவிட்டால் கொட்டகை கூச்சலில் அதிரும்.

'கீசக வதம்' சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் வெளியானது. பிறகு இந்தியாவின் பிற பகுதிகள், பர்மா, இலங்கை, மலாய் நாடுகள், சிங்கப்பூர் வரை போனது. தமிழர் குடியேறிய ஊர்கள் அத்தனையும் அதற்குச் சந்தையாயின. மொத்த வசூல் 50,000 ரூபாய். செலவு போக 15,000 ரூபாய் லாபம். போட்ட முதலில் நூற்றுக்கு 43 விழுக்காடு. வட்டிக் கடையிலும் கிடைக்காத வருமானம் என்று தோன்றும். ஆனால் அந்த வசூல் ஒரே மாதத்தில் வருவதில்லை. பெட்டி ஊர் ஊராகச் சுற்றித் திரும்பும் வரை முதல் முடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிரிண்டில் கீறல் விழும், துளை கிழியும். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டும்போதெல்லாம் படம் சில அங்குலம் குறையும்.

முதல் படம் தந்த துணிவில் 'திரௌபதி வஸ்திராபஹரணம்' வந்தது. பெண் பாத்திரத்துக்கு உள்ளூர்ப் பெண்கள் முன்வராத நிலையில் மரியன் ஹில் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணைத் திரௌபதியாக நடிக்கவைத்தார். பேசும்படமாக இருந்தால் இது நடக்காத காரியம். ஊமைப்படத்தில் மொழி தெரியாதது குறையே இல்லை. தொடர்ந்து 'லவ குசா', 'மார்க்கண்டேயா', 'மயில் ராவணன்' என்று வந்தவையும் புராணக் கதைகளே.

1923ல் எல்லாம் நின்றது. ஸ்டுடியோ தீக்கிரையானது, அவருடைய மகனும் இறந்தார். அதன் பிறகு முதலியார் படத் தொழிலுக்குத் திரும்பவில்லை. அவர் எண்பது வயதைத் தாண்டி, பேசும்படங்களும் வண்ணப் படங்களும் வந்த காலம் வரை உயிரோடு இருந்தவர். எடுத்த படங்களில் ஒன்றின் பிரதிகூட இன்று கிடையாது.

தீ என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய பிலிம் நைட்ரேட் வகை. வெடிமருந்துக்குப் பயன்படும் பஞ்சின் நெருங்கிய உறவு அது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் மண்ணைப் போட்டு மூடினாலும், தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும். பழையதாகிச் சிதையத் தொடங்கினால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும். நெகடிவ், பிரிண்ட், மூலப் பிலிம், மரச் சட்டங்கள், திரைச் சீலைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தால் ஒரு பொறி போதும். நெகடிவைத் தனிக் கட்டடத்தில், காற்றோட்டமான குளிர்ந்த அறையில், சிறு சிறு தகர டப்பாக்களில் பிரித்து வைக்க வேண்டும் என்பது எல்லா நாட்டு ஸ்டுடியோக்களும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். கார் உதிரிபாகக் கிடங்கு எரிந்தால் மறு கப்பலில் சரக்கு வரும். நெகடிவ் எரிந்தால் மறு சரக்கு கிடையாது. உதிரிபாக வியாபாரம் கற்றுத் தராத வித்தியாசம் இது.

அது கற்றுத் தராத இன்னொன்று, விற்கும் இடம். காரை விற்ற கடை அவருடையது. படத்தைக் காட்டிய தியேட்டர் அவருடையது அல்ல. இதே காலத்தில் சென்னையில் ரகுபதி வெங்கையா வேறு பாதையில் வந்தார். அவர் புகைப்படக்காரர். முதலில் படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். 1914 வாக்கில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். பிறகு கிரவுன், குளோப். தயாரிப்பில் இறங்கியது அதற்கும் பிறகு, 1921ல், மகன் பிரகாஷ் வெளிநாட்டில் தொழில் கற்றுத் திரும்பியதும்தான். காட்டுமிடம் கையில் இருக்கும்போது எடுத்த படம் தேங்காது என்ற வரிசை அது.

பின்னால் வந்த வியாபாரிகள் இந்த வரிசையைத்தான் அதிகம் பின்பற்றினார்கள். விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்த எஸ்.எஸ். வாசன், முதலில் படங்களை வாங்கி விநியோகித்துவிட்டுத்தான் ஸ்டுடியோ வைத்தார். அதுவும் தீயில் எரிந்து ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டுடியோவை வாங்கி ஜெமினி ஆக்கினார். காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1935ல் 'அல்லி அர்ஜுனா'வைக் கல்கத்தாவில் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். ஆனால் பாட்டு எப்படி விற்கும் என்று தெரிந்த ஆள் என்பதால் பேசும்பட யுகம் அவருக்குத் தோதாக அமைந்தது. நடராஜ முதலியாருக்கு முன்னால் இப்படிப் பார்த்து நடக்க ஆள் இல்லை.

கேள்வியோடு தொடர்புள்ள இரண்டு குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். 'கீசக வதம்' முதல் தமிழ்ப் பேசும்படம் அல்ல. அந்தப் பெருமை 1931 அக்டோபரில் வெளியான 'காளிதாஸ்' படத்துக்கு உரியது. முதலியாருடையது ஊமைப்படம், தமிழ்நாட்டவர் தமிழ்நாட்டில் எடுத்தது, தமிழில் எழுத்து அட்டை கொண்டது என்ற அளவில் முதல் தமிழ்ப் படம் என்று சொல்வது பொருந்தும். அடுத்து, வெளியான ஆண்டு. நூல்களில் 1916, 1917, 1918 மூன்றும் இருக்கின்றன. சினிமாவுக்கான தணிக்கைச் சட்டமே 1918ல்தான் வந்தது, சென்னையில் அது நடைமுறைக்கு வந்தது 1920 வாக்கில். எனவே இந்தப் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை. என் சாய்வு 1918 பக்கம். தேவதாஸ் காந்தி 1900ல் பிறந்தவர். இந்தி கற்பிக்க அவர் சென்னைக்கு வந்தது 1918ல். 1916ல் பதினாறு வயதுப் பையனாக இருந்த அவர் சென்னைப் படக் கம்பெனிக்கு இந்தி அட்டை எழுதினார் என்பது பொருந்தி வரவில்லை. 1916 என்றே வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், இந்தி அட்டைகள் வடக்கே அனுப்பும்போது பிற்பாடு சேர்க்கப்பட்டவை என்று கொள்ள வேண்டியிருக்கும்.